300 ஓம் ஹெட்ஃபோனுக்கு ஆம்பும் டாக்கும் தேடிய அனுபவம்

"ஒரு வாட் வருது சார், எந்த ஹெட்ஃபோனா இருந்தாலும் ஓட்டிடும்" என்றார் சென்னையில் நான் போன ஆடியோ கடையின் விற்பனையாளர். அவர் காட்டிய கையடக்கக் கருவியின் பெட்டியிலும் 1,000 மில்லிவாட் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அந்த எண்ணை நம்பிப் பணம் கட்டியவர்கள் எத்தனை பேரோ என்ற ஆற்றாமைதான் இதை எழுதத் தூண்டியது. ஆம்ப் (ஹெட்ஃபோனை இயக்கும் அளவுக்கு ஒலிச் சமிக்ஞையைப் பெருக்கும் கருவி) வாங்கப் போகிற எவருக்கும் வாட் கணக்கை விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: என் ஹெட்ஃபோனின் இம்பீடன்ஸில் (மின்னோட்டத்துக்கு அது தரும் எதிர்ப்பு, ஓமில் அளப்பது), நான் செருகப் போகும் அதே துளையிலிருந்து, எத்தனை வோல்ட் வரும்?

என்னிடம் இருப்பது சென்ஹைசர் எச்டி 600. இம்பீடன்ஸ் 300 ஓம். 1 வோல்ட் கொடுத்தால் 97 டெசிபல் ஒலி தரும் என்பது நிறுவனத்தின் அளவீடு. திரையிசைக்குக் கணினியின் ஜாக்கே ஓரளவு போதுமானதாக இருந்தது. ஆனால் நான் அதிகம் கேட்பவை தாழ்ந்த ஒலியளவில் பதிவான பழைய வானொலிக் கச்சேரிகள். அவற்றில் ஒலியளவை முழுவதும் ஏற்றிய பிறகும் மிருதங்கத்தின் வலந்தலை மட்டுமே தெளிவாகக் கேட்டது. இடப்பக்கமான தொப்பியின் கும்கி என்னும் ஆழ்ந்த நாதம் எங்கோ அடியில் அமுங்கிக் கிடந்தது. உச்சத் தட்டுகள் 110 டெசிபலை எட்ட வேண்டுமானால் இந்த ஹெட்ஃபோனுக்குச் சுமார் 4.5 வோல்ட் வேண்டும். மின்திறனாகப் பார்த்தால் அது 67 மில்லிவாட்தான். அதாவது எனக்குத் தேவைப்பட்டது ஒரு வாட் அல்ல, போதிய வோல்டேஜ்.

அந்தக் கடையின் கையடக்கக் கருவிக்கு 300 ஓமில் என்ன அளவு வரும் என்று கேட்டபோது, விற்பனையாளர் பதில் சொல்வதற்குப் பதிலாக 32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ் என்று அதில் இருந்த டாக்கின் (டிஜிட்டல் இசையை மின் சமிக்ஞையாக மாற்றும் பகுதி) பெருமைகளுக்குத் தாவினார். செல்பேசியிலேயே அதன் கையேட்டைத் தேடிப் படித்தேன். 1,000 மில்லிவாட் என்பது 32 ஓம் சுமையில், அதுவும் 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு துளையில் (ஒவ்வொரு காதுக்கும் இரு எதிரெதிர் சமிக்ஞைகளை அனுப்பும் துளை) கிடைக்கும் அளவு. கணக்கிட்டால் ஏறத்தாழ 5.7 வோல்ட். எச்டி 600 உடன் வரும் கம்பியோ சாதாரணத் துளைக்கானது. அந்தத் துளையில் வோல்டேஜ் பாதியாகிவிடும் என்பதால் 2.8 வோல்ட்தான் மிஞ்சும். 300 ஓமில் அது 27 மில்லிவாட்டைக்கூட எட்டாது. இதை எடுத்துச் சொன்னதும் அவர் கருவியை மாற்றவில்லை. பேலன்ஸ்டு கம்பியையும் தனியாக வாங்கிக்கொள்ளும்படி சொன்னார். பெட்டியில் உள்ள எண் எந்தத் துளைக்கு, எந்த ஓமுக்கு உரியது என்று பார்க்காமல் யாரும் பணம் கட்ட வேண்டாம்.

அடுத்து அதே கடையில் ஒரு வால்வு ஆம்பைக் கேட்கக் கொடுத்தார்கள். முதல் நிமிடத்தில் இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் அதன் வெளியீட்டு இம்பீடன்ஸ் (ஆம்பின் உள்ளேயே இருக்கும் எதிர்ப்பு) 120 ஓம். எச்டி 600 பெயருக்கு 300 ஓம் என்றாலும் 100 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் அதன் இம்பீடன்ஸ் 500 ஓமைத் தாண்டுகிறது. இத்தகைய ஆம்போடு இணைக்கும்போது அந்தப் பகுதி மட்டும் ஒரு டெசிபலுக்குச் சற்று மேல் உயர்ந்து கேட்கும். அந்த இனிமையில் ஒரு பகுதி அங்கிருந்து வருவதுதான். அதை விரும்பி வாங்குவோரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒப்பிட்டுக் காட்டும்போது வால்வு ஆம்பின் ஒலியளவையும் கூடுதலாகவே வைத்திருந்தார்கள். இரண்டில் எது சற்று உரக்க ஒலிக்கிறதோ அதுவே நல்லதாகத் தோன்றுவது மனிதக் காதின் இயல்பு. ஒலியளவைச் சமப்படுத்தாத எந்த ஒப்பீட்டையும் பொருட்படுத்தத் தேவையில்லை.

டாக் விஷயத்தில் இந்தச் சமப்படுத்தல் எனக்குப் பெரிய தொகையை மிச்சப்படுத்தியது. நண்பர் ஒருவர் தம்முடைய விலையுயர்ந்த டாக்கைச் சில நாட்களுக்கு இரவல் தந்தார். அதையும் நான் வாங்க நினைத்திருந்த மலிவான டாக்கையும் ஒரே ஆம்பில் இணைத்து, 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, மல்டிமீட்டரால் இரண்டின் வோல்டேஜையும் சமமாக்கினோம். மலிவான மல்டிமீட்டர்கள் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை ஒட்டியே சரியாக அளக்கும். 1,000 ஹெர்ட்ஸ் ஒலியை வைத்து அளந்தால் பல மீட்டர்கள் தவறு காட்டும் என்பதை நினைவில் வையுங்கள். எது எதுவென்று எனக்குத் தெரியாதபடி நண்பர் மாற்றி மாற்றி இணைத்தார். என்னால் வேறுபாடு சொல்ல முடியவில்லை. இடம் மாறி உட்கார்ந்த அவராலும் முடியவில்லை. எந்த நிறுவனத்தின் சில்லு உள்ளே இருக்கிறது என்று விசாரித்து அலைவதை அன்றோடு விட்டேன். 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபெயோக்காவில் டாக் சில்லுகள் தயாரிக்கும் ஏகேஎம் நிறுவனத்தின் ஆலை தீப்பற்றிய பின், பல தயாரிப்பாளர்கள் ஈஎஸ்எஸ் என்ற வேறு நிறுவனத்தின் சில்லுகளுக்கு மாறினார்கள். நன்றாக வடிவமைத்த கருவிகள் அதன் பிறகும் நன்றாகவே ஒலித்தன.

ஆக, மலிவான டாக், 300 ஓமில் தாராளமாக வோல்டேஜ் தரும் மேசை ஆம்ப், ஒரு ஓமுக்கும் குறைவான வெளியீட்டு இம்பீடன்ஸ் என்று முடிவுசெய்து, இணையத்தில் வேறொரு கடையில் பணம் கட்டினேன். பொருள் குறித்த நாளில் வந்து சேர்ந்தது. தொல்லை அதன் பிறகுதான் தொடங்கியது.

ஜேடிஎஸ் லேப்ஸ் நிறுவனத்தின் ஆட்டம் (Atom) போன்ற சில மேசை ஆம்ப்களுக்கு ஏசி மின்சாரத்தையே வெளியிடும் அடாப்டர் வேண்டும். நான் வாங்கியதும் அந்த வகைதான். கடைக்காரர் உடன் வைத்து அனுப்பியிருந்த அடாப்டரின் முதுகில் 15 V என்பதை அடுத்து, ஒரு நேர்கோடும் அதன் கீழே மூன்று சிறு கோடுகளும் இருந்தன. அது டிசிக்கான குறி. ஆம்பின் பின்புறம் கேட்டிருந்ததோ வளைந்த அலைக்குறி. அதைச் செருகாமல் படம் எடுத்து அனுப்பினேன். "எல்லா 15 வோல்ட் அடாப்டரும் ஒண்ணுதான் சார், போட்டுப் பாருங்க" என்று பதில் வந்தது. ஏசியின் இரு அரைச்சுற்றுகளிலிருந்து நேர், எதிர் வோல்டேஜ் இரண்டையும் உருவாக்கிக்கொள்ளும் அந்தச் சுற்றுக்கு டிசி கொடுத்தால் ஒரு பாதிக்கு மின்சாரமே போகாது என்று விளக்கி எழுதினேன். பெட்டியைப் பிரித்துவிட்டதால் மாற்றித் தர முடியாது என்று அடுத்த பதில் வந்தது. பிரிக்காமல் அடாப்டரின் முதுகை எப்படிப் படிப்பது என்ற என் கேள்விக்குப் பதிலே இல்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். பில்லில் காலவரம்பு குறிப்பிடாத நிலையில், குறைபாடுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடவடிக்கை. புகாரில் இதைக் குறிப்பிட்டு, பில், இரு குறிகளின் படங்கள், கடையின் பதில்கள் ஆகியவற்றையும் இணைத்தேன். அதுவரை தொலைபேசியை எடுக்காதவர்கள் தாமாகவே அழைத்து அடாப்டரின் விலையைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். கடையோடு பேசுவதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கைகொடுத்தவை அந்தப் பதில்கள்தான்.

அதற்குள் சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் ஏசி அடாப்டர் தேடத் தொடங்கியிருந்தேன். டிசி அடாப்டர்கள் கடைக்குக் கடை சரம்சரமாகத் தொங்கின. ஏசி வெளியீடு என்றதும் பலர் கையை விரித்தார்கள். உள்சந்து ஒன்றில் டிரான்ஸ்ஃபார்மர் விற்கும் பெரியவர்தான் ஆம்பின் கையேட்டை வாங்கி நிதானமாகப் படித்தார். 230 வோல்டை 15 வோல்டாக்கும் 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை எடுத்து, ஃபியூஸ் சேர்த்து, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து, சுமையில்லாமலும் சுமையோடும் மீட்டர் வைத்துக் காட்டிவிட்டே கையில் கொடுத்தார். வெளிநாட்டிலிருந்து ஆம்பை வரவழைப்பவர்கள் உடன் வரும் அடாப்டர் 115 வோல்டுக்கானதா என்று முதலில் பார்க்க வேண்டும். நம் 230 வோல்டில் அதைச் செருகினால் புகைதான் மிஞ்சும்.

இத்தனைக்கும் பிறகு, தம்புரா மட்டும் ஒலிக்கும் இடங்களில் அதன் ஸ்ருதியோடு சேராத மெல்லிய இரைச்சல் ஒன்று கேட்டது. ஆம்பின் பின்புறத்தில் மூன்று முனை பிளக் கொண்ட ஸ்பீக்கர்களையும் இணைத்திருந்தேன். அவற்றின் கம்பியைக் கழற்றினால் இரைச்சல் நின்றது. கணினியும் ஸ்பீக்கர்களும் வெவ்வேறு பிளக் வழியாக எர்த் ஆகி ஒரு வளையம் உருவானதே காரணம். எலக்ட்ரீசியன் ஸ்பீக்கர் பிளக்கின் எர்த் முனையை வெட்டிவிடலாம் என்றார். யார் சொன்னாலும் அதை மட்டும் செய்யாதீர்கள்; ஸ்பீக்கரில் மின்கசிவு ஏற்பட்டால் உயிரைக் காப்பது அந்த முனைதான். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகியதும் இரைச்சல் குறைந்தது. கணினியின் பின்புறம் இருந்த ஆப்டிகல் வெளியீட்டை டாக்கோடு இணைத்து யூஎஸ்பி கம்பியைக் கழற்றியதும் முற்றிலும் நின்றது. ஆப்டிகல் கம்பியில் ஒளி மட்டுமே செல்வதால் அந்த எர்த் வளையத்துக்கு வழியில்லை. டாக் வாங்கும்போது ஆப்டிகல் உள்ளீடு இருக்கிறதா என்று பாருங்கள். என்னுடையதில் யூஎஸ்பி வழியாகவே மின்சாரம் போக வேண்டியிருந்ததால், அதற்கு மட்டும் இரண்டு முனை செல்பேசி சார்ஜர் ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன்.