கூழ் வடாம் பொரியவில்லையா? வெயிலை விடுங்கள், அடுப்பைப் பாருங்கள்

எண்ணெயில் போட்ட வடாம் விரியாமல் நடுவில் வெள்ளைக் கோடாக நின்றுவிட்டால், வெயில் பத்தவில்லை என்றுதான் எல்லா வீட்டிலும் சொல்வார்கள். ஒரே மாவு, ஒரே மொட்டைமாடி, ஒரே நாள் என்று வைத்துக்கொண்டு, தண்ணீரையும் வேகவிடும் நேரத்தையும் மட்டும் மாற்றிப் போட்டுப் பார்த்ததில் வேறு விடை கிடைத்தது. நன்றாக வெந்த கூழ், அரைகுறை வெயிலில் ஒரு நாள் கூடுதலாகக் காய்ந்தும் பூவாகப் பொரிந்தது. சரியாக வேகாத கூழை மூன்று நாள் கொளுத்தும் வெயிலில் போட்டும் பல்லை உடைத்தது.

மாவிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒரு கிலோ பச்சரிசிக்கு 100 கிராம் ஜவ்வரிசி. அரிசி கொஞ்சம் பழசாக இருப்பது நல்லது. புது அரிசிக் கூழ் பிசுபிசுத்துக்கொண்டு அச்சிலேயே ஒட்டும். ரேஷன் பச்சரிசி இதற்குத் தாராளமாகப் போதும், பொன்னி எல்லாம் தேவையே இல்லை. ஜவ்வரிசியில் வெள்ளையாக இருக்கும் மாவு ஜவ்வரிசி வாங்க வேண்டும், கண்ணாடி மாதிரி பளபளக்கும் நைலான் ரகம் பாயசத்துக்கு. (தமிழ்நாட்டு ஜவ்வரிசி என்றாலே சேலம்தான்; மரவள்ளிக் கிழங்கு மாவில் அங்கே தயாராகும் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.)

ஜவ்வரிசியே போடாமல் வெறும் அரிசியில் பிழிந்த வடாம் காயும்போதே விரிசல் விட்டது, டப்பாவில் போடும்போது பாதி நொறுங்கியது. கிலோவுக்கு 200 கிராம் போட்டதில் பொரிந்தபின் பெரிதாக இருந்தது, ஆனால் எண்ணெய் குடித்தது, கடித்தால் பல்லில் அப்பியது. 100 கிராம் சரியான நடுவாந்தரம்.

மிஷினுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. கோதுமை அரைத்ததன் பின்னால் போட்டால் பெரிய மோசமில்லை, நிறம் கொஞ்சம் மங்கும். மிளகாய்த்தூளோ மல்லித்தூளோ அரைத்த கையோடு போட்டால் மாவு மொத்தமும் அந்த வாசனை ஏறிவிடும். அரிசி மாவு அரைக்க வந்திருப்பவருக்கு அடுத்ததாக வரிசையில் நிற்பதே புத்திசாலித்தனம். அரைத்ததும் சூடு ஆறும்வரை விரித்துவைத்து, கண்ணுக்குத் தெரியும் கப்பி எதுவும் இல்லாமல் சலிக்க வேண்டும். அச்சு அடைத்துக்கொள்வதற்குப் பாதிக் காரணம் இந்தக் கப்பி, மீதிக் காரணம் மிளகாய் விதை.

ஓர் ஈடு என்பது இங்கே 200 மில்லி டம்ளரில் நான்கு டம்ளர் மாவு. அதற்குப் பன்னிரண்டு டம்ளர் தண்ணீர், பச்சை மிளகாய் பத்து, தூள் உப்பு தலைதட்டி மூன்று தேக்கரண்டி, சுண்டைக்காய் அளவு கட்டிப் பெருங்காயம், எலுமிச்சம்பழம் இரண்டு. பாத்திரம் ஆறு லிட்டராவது பிடிக்க வேண்டும். அடி கனமாக இல்லையென்றால் இந்த வேலையையே தொட வேண்டாம். பெருங்காயத்தை முந்தின ராத்திரியே கால் டம்ளர் தண்ணீரில் ஊறப்போட்டுவிடலாம். மிளகாயை நைசாக அரைத்து, தண்ணீர் விட்டுத் துணியில் வடிகட்டி, சாறு மட்டும் எடுக்க வேண்டும். இந்தத் தண்ணீரெல்லாம் அந்தப் பன்னிரண்டு டம்ளர் கணக்குக்குள்தான்.

உப்பில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். கூழை வாயில் விட்டுப் பார்த்து நாக்குக்குச் சரியாக இருக்கும்படி உப்புப் போட்டால், காய்ந்த வடாமை வாயில் வைக்க முடியாது. பிழியும்போது கூழில் சுமார் இரண்டேகால் லிட்டர் தண்ணீர் இருக்கிறது. அது அத்தனையும் வெயிலில் போய்விடும், உப்பும் காரமும் அப்படியே தங்கும். மூன்று தேக்கரண்டி போட்ட கூழ் ருசி பார்க்கும்போது சப்பென்று, உப்பே போடாத கஞ்சி போலத்தான் இருக்கும். அதை நம்பி இன்னொரு கரண்டி போடக் கூடாது. காரமும் அதே கணக்குதான்.

கூழ் கிளறுவதற்கு வருவோம். நான்கு டம்ளர் பச்சைத் தண்ணீரில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்துவைத்துக்கொண்டு, மீதி எட்டு டம்ளரை மிளகாய்ச் சாறு, உப்பு, பெருங்காயத் தண்ணீரோடு சேர்த்துத் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் மாவைத் தூவிக் கிளறும் வழக்கமும் உண்டு. கை பழகியவர்களுக்கு அது வரும். மற்றவர்களுக்குக் கட்டி தட்டும். காரணம் எளிது: அரிசி மாவு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வெந்து பசையாகிவிடும். கொதிநீரில் விழுந்த மாவு உருண்டையின் மேல்தோல் உடனே பசையாகி மூடிக்கொள்ளும், உள்ளே உலர்ந்த மாவு மாட்டிக்கொள்ளும். அதை எவ்வளவு கிளறினாலும் உடையாது. கரைத்த மாவில் இந்தத் தொந்தரவு இல்லை.

கரைசலை விடுமுன் அடியில் தங்கியதை ஒருமுறை கலக்கிவிட்டு, அடுப்பைச் சிறிதாக்கி, ஒருவர் மெல்லிய தாரையாக ஊற்ற இன்னொருவர் கைவிடாமல் கிளற வேண்டும். வீட்டில் இரண்டு பேர் தேவைப்படும் கட்டம் இது ஒன்றுதான். இரண்டு மூன்று நிமிஷத்தில் சட்டென்று கெட்டியாகி, துடுப்பு கனக்கும். இங்கேதான் ஏமாந்துபோகிறோம். கெட்டியாகிவிட்டது, கை வலிக்கிறது, அடுப்பை அணைத்துவிடலாம் என்று தோன்றும். கூழ் அப்போது பாதி கூட வெந்திருக்காது.

சோதனைக்காக ஒரே பாத்திரத்தில் இந்தக் கட்டத்தில் இரண்டு கரண்டி கூழைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதியை மூடிபோட்டு, மிகச் சிறிய தீயில், மூன்று நிமிஷத்துக்கு ஒருதரம் அடிவரை கிளறி, இன்னும் 20 நிமிஷம் வேகவிட்டுப் பார்த்தது. தனியே எடுத்தது பால் வெள்ளை, வெட்டினால் மாவு வாசனை. வெந்தது சாம்பல் கலந்த வெள்ளையில் பளபளப்பாக, கரண்டியிலிருந்து நீளமாக இழுபட்டு விழுந்தது. இரண்டையும் ஒரே அச்சில் பிழிந்து பக்கத்தில் பக்கத்தில் காயவைத்ததில், காய்ந்தபிறகு வெளித்தோற்றத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எண்ணெயில் போட்டதும் தெரிந்தது. வேகாதது போட்ட அளவிலேயே கிடந்து சிவந்தது. வெந்தது கண்ணெதிரே இரண்டரை மடங்கு விரிந்தது.

ஏன் அப்படி? வெந்த மாவு காயும்போது கண்ணாடி மாதிரி ஒரே பரப்பாக இறுகுகிறது. நன்றாகக் காய்ந்ததிலும் கொஞ்சம் ஈரம் உள்ளே பிணைந்து கிடக்கும். சுடு எண்ணெயில் மாவு இளகும் அதே நொடியில் அந்த ஈரம் ஆவியாகி உள்ளிருந்து ஊதுகிறது. வேகாத மாவு தனித்தனித் துகளாகவே நிற்பதால் ஆவி இடுக்கு வழியே வெளியேறிவிடும். ஊதுவதற்குப் பிடிமானம் கிடையாது.

பதம் பார்க்க ஒரே வழி, பழைய வழிதான்: கையைத் தண்ணீரில் நனைத்துக் கூழைத் தொட வேண்டும். ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. ஒட்டினால் இன்னும் ஐந்து நிமிஷம். அடியில் லேசாகப் பிடித்திருந்தால் அதைச் சுரண்டிக் கலக்கக் கூடாது. காந்தல் துணுக்கு அச்சை அடைப்பதோடு வடாமில் பழுப்புப் புள்ளியாகவும் நிற்கும். எலுமிச்சைச் சாறு அடுப்பை அணைத்து ஐந்து நிமிஷம் கழித்துத்தான். புளிப்போடு சேர்ந்து கொதித்தால் கூழ் நீர்த்துப்போகும், பிழிந்தால் கோடு நிற்காமல் பரவும்.

தண்ணீர் அளவில் மூன்று விதம் பார்த்தது. ஒன்றுக்கு இரண்டரை என்றால் பிழியத் தோள்பட்டை வேண்டும், வடாம் தடிமனாக நின்று காய ஒரு நாள் கூடுதலாகிறது. ஒன்றுக்கு மூன்றரை என்றால் சுலபமாக வழியும், காய்ந்தபின் மெலிந்து தொட்டால் உடைகிறது. மூன்றுதான் அச்சுக்கு ஏற்றது. அரிசி மிகப் பழசு என்றால் அரை டம்ளர் கூட்டிக்கொள்ளலாம். கரண்டியால் ஊற்றும் வடாமுக்கு இந்தக் கணக்கு ஆகாது, தண்ணீரை ஏறக்குறைய இரட்டிப்பாக்க வேண்டும். சீரகம் போட ஆசைப்படுகிறவர்கள் அதில் போடட்டும், அச்சில் வேண்டாம்.

பிழிவது காலை ஏழு மணிக்குள் ஆரம்பித்து எட்டரைக்குள் முடியவேண்டும். அதற்குக் கூழ் ஐந்தரைக்கே அடுப்பில் ஏற வேண்டும். முந்தின ராத்திரியே கிளறிவைத்துவிடும் வீடுகளும் உண்டு, ஆனால் ஆறிய கூழ் மேலே ஏடு கட்டும், அந்த ஏடு அச்சில் சிக்கும். கை பொறுக்கும் சூட்டில் பிழிவதே சுகம். அச்சுக்குள் ஒவ்வொரு முறையும் தண்ணீர் தடவினால் போதும், எண்ணெய் தடவினால் நாள்பட்டு சிக்குவாடை வரும். ஓமப்பொடித் தட்டில் பிழிந்தது ஒன்றரை நாளில் காய்ந்தது. தேன்குழல் தட்டுக்கு மூன்று நாள் ஆனது, பொரித்தால் அதுதான் மொறுமொறுப்பு. ரிப்பன் தட்டு பார்க்க அழகு, அடுக்கு விழுந்த இடத்தில் ஈரம் தங்கிவிடும். ஒற்றை வரியாகப் பிழிந்தால்தான் உருப்படும்.

வேட்டியா, பிளாஸ்டிக் ஷீட்டா என்பது தீராத வழக்கு. ஷீட்டில் மேல்பக்கம் சீக்கிரம் காயும், அடிப்பக்கம் வேர்த்துக்கொண்டே இருக்கும். சாயங்காலம் உரித்துத் திருப்பிப் போட்டே ஆக வேண்டும். வேட்டி அடி ஈரத்தை உறிஞ்சும், ஆனால் எடுக்கும்போது துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து இரண்டு நிமிஷம் விட்டு உரிக்க வேண்டும், இல்லையென்றால் நூல் நூலாக வடாமோடு வரும். இரண்டையும்விட மேலானது, நனைத்துப் பிழிந்த வேட்டியைக் கயிற்றுக் கட்டிலின் மேல் விரித்துப் போட்டது. அடியிலும் காற்று ஓடுவதால் தரையில் போட்டதைவிட அரை நாள் முன்னதாகவே காய்ந்தது.

காக்காய்க்குக் கறுப்புக் குடை, மிளகாய் வற்றல் மாலை எல்லாம் முதல் நாள் காலை மட்டும் செல்லும். மத்தியானத்துக்குள் குடையின் மேலேயே வந்து உட்காரும். நான்கு நாற்காலியைக் கவிழ்த்துப்போட்டு கால்களின் மேல் பழைய கொசுவலையை இழுத்துக் கட்டினால் காக்காயும் அணிலும் அண்டாது. பிள்ளைகளைக் காவலுக்கு வைத்தால் காக்காய் தின்பதைவிட அதிகம் குறையும். மேலே காய்ந்து உள்ளே மெத்தென்றிருக்கும் அரைக் காய்ச்சல் வடாமின் ருசி அப்படி. இதற்கென்றே நான்கு வரி கூடுதலாகப் பிழிந்துவிடுவது குடும்ப அமைதிக்கு நல்லது.

சென்னை மாதிரி கடலோர ஊர்களில் மத்தியானத்துக்குமேல் கடல்காற்று வந்துவிடும், ஈரக்காற்று. வெயில் அடிப்பது போலத் தோன்றினாலும் நான்கு மணிக்குமேல் வைத்தால் காய்ந்தது நமத்துக்கொள்ளும். மதுரை, திருச்சிப் பக்கம் ஐந்து ஐந்தரை வரை விடலாம். பங்குனியிலும் சித்திரை முதல் பாதியிலும் முடித்துவிடுவது உத்தமம். மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கியபின் வெயில் கடுமைதான், கூடவே சாயங்கால இடிமழைக்கும் வாய்ப்பு.

முதல் நாளே மழை வந்துவிட்டால் பதறி வாரிக் கூடையில் போடக் கூடாது. துணியோடு தூக்கி, கூடத்தில் விரித்து, ராத்திரி முழுக்க ஃபேன் ஓடவிட்டால் மறுநாள் வெயிலில் தேறிவிடும். ஒன்றின்மேல் ஒன்று குவித்துவைத்தது காலையில் புளித்த வாடை அடித்தது. இளஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ புள்ளி விழுந்துவிட்டால் அது பூஞ்சணம். துடைத்துக் காயவைத்துப் பயனில்லை, கொட்டிவிட வேண்டும்.

இரண்டாம் நாள் முறத்திலோ தட்டிலோ திருப்பிப் போட்டு, மூன்றாம் நாளும் ஒரு காய்ச்சல் காட்டியபின் உடைத்துப் பார்க்கலாம். வளையாமல் படக்கென்று ஒடிய வேண்டும். நான்கு டம்ளர் மாவுக்கு அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் தேறும்.

பொரிக்கும்போது எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஒரு துணுக்கைப் போட்டால் அடியில் தங்காமல் உடனே மேலே வந்து விரிய வேண்டும். புகை வந்தால் அதிகம். இந்த இடத்தில்தான் முதலில் சொன்ன வியாதியைப் பிரித்தறியலாம். கடித்தால் நடுவில் சவ்வு மாதிரி இழுபட்டு, எண்ணெயில் போட்டபோது படபடவென்று தெறித்திருந்தால் ஈரம் இருக்கிறது, இன்னொரு நாள் வெயிலில் போட்டால் சரியாகும். நடுவில் மாவாக, வெள்ளையாக, கல்லாக இருந்தால் அது வேகாத கூழ். அதற்கு வெயிலில் வைத்தியம் கிடையாது. ஊறவைத்து, நொறுக்கி, கொதிக்கும் வற்றல் குழம்பில் போட்டால் வெந்து மெத்தென்று ஆகும், வீணாகப் போகாது.

டப்பாவில் அடைக்குமுன் வெயில் சூடு முழுக்க ஆறவேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்க்கும். ஐப்பசி மழையில் நமத்துப்போனால், அடைமழை விட்ட ஒரு காலை வெயிலில் இரண்டு மணி நேரம் போட்டு எடுத்தாலே பழைய பதம் வந்துவிடும்.