மாருதி 800-க்குள் எஸ்டீம் இன்ஜின்

கோயம்புத்தூரில் கார் பட்டறை வைத்திருந்தால் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது: "அண்ணா, இந்த 800-ல எஸ்டீம் இன்ஜின் வெச்சுத் தருவீங்களா?" எஸ்டீம், மாருதியின் பழைய செடான் கார். கேட்பவர் பெரும்பாலும் இளவட்டமாக இருப்பார். அப்பா ஓட்டிய வண்டி கைக்கு வந்திருக்கும். விற்கவும் மனசு வராது, மேட்டில் அது திணறுவதைப் பார்க்கவும் பிடிக்காது.

அந்த ஆசையை நான் குறைத்துப் பேசுவதில்லை. கணக்குப் போட்டால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். 800-ல் இருப்பது மூன்று சிலிண்டர், 796 சிசி. கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) மாடலில் 37 குதிரைத்திறன். எஸ்டீமின் நான்கு சிலிண்டர் இன்ஜின் 1298 சிசி. கார்புரேட்டரில் 65, இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைப் பீச்சும் எம்பிஎஃப்ஐ முறை வந்த பிறகு 85. சுமார் 650 கிலோ எடையுள்ள வண்டியில் அதை இறக்கினால் எப்படிப் பறக்கும் என்று சொல்லவே வேண்டாம். சென்னை புதுப்பேட்டையில் தேடினால் பழைய இன்ஜினும் கிடைத்துவிடும்.

ஆனால் இந்த வேலையில் இன்ஜின்தான் சுலபமான பகுதி. அதைச் சுற்றி இருப்பதெல்லாம் சேர்ந்துதான் பையைக் காலி செய்யும்.

பானெட்டைத் திறந்து பார்த்தால் விஷயம் புரியும். இன்ஜின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு சிலிண்டர் கூடினால் அகலம் கூடும். அந்த அகலத்துக்கு இடம் பக்கத்துச் சட்டத்திலிருந்தும் ரேடியேட்டரிடமிருந்தும்தான் வர வேண்டும். இன்ஜினைத் தாங்கும் பழைய மவுண்ட் உதவாது. புதிதாக பிராக்கெட் வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும். இதில் அவசரப்பட்டு இன்ஜின் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டால் சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸிலின் கோணம் கெட்டுவிடும், அதன் முனையில் இருக்கும் சி.வி. ஜாயின்ட் திருப்பத்தில் கடகடக்கும், பிறகு உடையும். கியர்பாக்ஸையும் எஸ்டீமிலிருந்தே எடுக்க வேண்டும். அப்போது ஆக்ஸிலின் நீளம் பொருந்தாது, லேத்துக்குப் போக வேண்டும். ரேடியேட்டர் பெரிதாக வேண்டும், சைலன்சர் குழாய் மாற வேண்டும். எம்பிஎஃப்ஐ இன்ஜின் என்றால் இன்னும் ஒரு அடுக்கு வேலை: வயரிங் முழுவதும், சென்சார்கள், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசிஎம், டேங்குக்குள் அதிக அழுத்தம் தரும் எலெக்ட்ரிக் பம்ப். கார்புரேட்டர் வண்டியின் பெட்ரோல் பம்பால் இன்ஜெக்டருக்கு வேண்டிய அழுத்தத்தைக் கொடுக்கவே முடியாது.

இதெல்லாம் முடிகிற வேலைதான். நல்ல பிட்டரும் பொறுமையும் இருந்தால் போதும். எனக்குக் கவலை தருவது வேறு.

வண்டி வேகமாகப் போனால் வேகமாக நிற்கவும் வேண்டும். 80 கிலோமீட்டரில் போகும் வண்டியை 110-க்குத் தள்ளினால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். அந்தச் சின்ன டிஸ்க்கும் 12 அங்குலச் சக்கரமும் 37 குதிரைக்குச் செய்தவை. மூக்கில் எடையும் ஏறியிருக்கும், முன் ஸ்பிரிங் அமுங்கியிருக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறிவிட்டு 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வரும்போது பிரேக் சூடேறி பெடல் உள்ளே போனால் பெரிய இன்ஜின் என்ன செய்யும்? இங்கிலாந்தின் மினி என்ற சின்னக் காரையே பாருங்கள். 1959-ல் 848 சிசியோடு வந்தபோது நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். 1961-ல் 997 சிசி இன்ஜினோடு மினி கூப்பர் வந்தபோது முன்னால் டிஸ்க் பிரேக் போட்டுத்தான் விட்டார்கள். கூடுதலாக வந்தது வெறும் 149 சிசி. நம் தம்பிகள் கேட்பது 500 சிசிக்கு மேல்.

அப்புறம் ஆர்சி புக். அதில் இன்ஜின் நம்பரும் சிசியும் இருக்கின்றன. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பழுதான இன்ஜினுக்குப் பதிலாக அதே வகை இன்ஜினை முன் அனுமதி வாங்கி மாற்றலாம். எஸ்டீம் இன்ஜின் அந்தக் கணக்கில் வராது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். போலீஸ் பிடிப்பதைவிட நான் பயப்படுவது விபத்துக்குப் பிறகு வரும் இன்சூரன்ஸ் சர்வேயருக்குத்தான். புத்தகத்தில் 796 இருந்து பானெட்டுக்குள் 1298 இருந்தால், அடிபட்டவருக்கு என்ன பதில் சொல்வது?

கரிவரதன் நினைவுக்கு வருகிறார். எங்கள் ஊர்க்காரர். அவர் வடிவமைத்த ஃபார்முலா மாருதி ரேஸ் காரில் வைத்தது 800-ன் இன்ஜினைத்தான். அதை ஒல்லியான ஒற்றை இருக்கை உடம்பில் உட்கார வைத்தார். எத்தனையோ பேர் அதில்தான் ரேஸ் பழகினார்கள். வேகம் வேண்டுமென்றால் எடையைக் குறை என்ற அந்த வழி எனக்கு இன்றும் சரியாகவே படுகிறது. ரேஸ் டிராக்கில் மட்டும் ஓடப்போகும் வண்டி, பிரேக், வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் ரோல் கேஜ் எல்லாவற்றுக்கும் பணம் ஒதுக்கியாகிவிட்டது என்று யாராவது வந்தால் பெரிய இன்ஜினை மனமார இறக்கித் தருவேன்.

போன மழைக்காலத்தில் வந்த தம்பியிடமும் இதையெல்லாம் சொன்னேன். முகம் வாடிவிட்டது. "சரி தம்பி, முதல்ல இந்த இன்ஜின் கம்பெனியில இருந்து வந்தப்ப எப்படி இழுத்துச்சோ அதைப் பார்ப்போம்" என்று கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், எவ்வளவு என்று பார்த்தேன். ஒரு சிலிண்டரில் பாதிதான் இருந்தது. சிலிண்டரைக் கடைந்து (போர் செய்து) பிஸ்டன், ரிங் மாற்றினோம். வால்வு சீட் பிடித்தோம், கார்புரேட்டருக்குக் கிட் போட்டோம். தேய்ந்த கிளட்ச் பிளேட்டும் போனது. புது டயர் நான்கு போட்டு, பிரேக் முழுவதையும் பிரித்துச் சேர்த்தோம். இன்ஜின் மாற்றத்துக்கு அவர் ஒதுக்கியிருந்த பணத்தில் பாதிகூட ஆகவில்லை. குன்னூருக்கு அம்மாவையும் தங்கையையும் ஏற்றிக்கொண்டு போனவர் மேலே போய்ச் சேர்ந்ததும் போன் செய்தார்: "அண்ணா, பர்லியார் தாண்டியும் செகண்ட் கியர்லயே ஏறுதுங்க."