பத்து நாள் பயணத்துக்கு ஒரு மாதக் காகித வேலை

மார்ச் 2
மே மாதம் நானும் அக்காவும் பாரிஸ், ரோம் போவதாக முடிவு. டிக்கெட் விலை பார்க்கும் முன் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தோம். ஷெங்கன் விசாவுக்கு (ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா), நாம் அங்கிருந்து கிளம்பும் தேதிக்கு அப்புறமும் குறைந்தது 3 மாதம் பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும், கொடுத்து 10 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, 2 பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். அக்கா பக்கங்களைப் புரட்டி எண்ணி, "நாலு இருக்குடி" என்றாள். சரி, முதல் கண்டம் தாண்டியது.

மார்ச் 4
எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதில் அரை நாள் போனது. விமானம் பாரிஸில் இறங்குவதால் பிரான்ஸ்தான் என்று நானே தீர்மானித்து படிவம் வரை போய்விட்டேன். தப்பு. எங்கே அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாடு, இரண்டும் சமமாக இருந்தால் மட்டும் முதலில் நுழையும் நாடு. எங்களுக்குப் பாரிஸில் 3 இரவு, ரோமில் 5, ஆகவே இத்தாலி. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே மனு போடலாமாம், கடைசியாக 15 நாள் முன்பு. கடைசி வரை இழுப்பவர்களுக்கு நெஞ்சு ரொம்பக் கெட்டி!

மார்ச் 9
போட்டோ. 35க்கு 45 மில்லிமீட்டர். அக்கா சிரித்த முகத்தோடு எடுத்துக்கொண்டு வந்தாள், திரும்பிப் போனாள்.

மார்ச் 11
வங்கிக் கணக்கு விவரத்தில் பணம் குறைவாகத் தெரிகிறதே, நான் கொஞ்சம் போட்டு வைக்கட்டுமா என்று தெரிந்தவர் ஒருவர் கேட்டார். நல்ல மனசு, ஆனால் வேண்டாம் என்றேன். மூன்று மாதமாக ஒரே சீராக ஓடும் கணக்கில், மனு போடுவதற்கு முந்தின வாரம் திடீரென்று பெருந்தொகை வந்து விழுந்தால், அது எங்கிருந்து வந்தது என்றுதான் பார்ப்பவர் முதலில் யோசிப்பார்.

மார்ச் 16, ராத்திரி
நாளை அப்பாயின்ட்மென்ட். எல்லாவற்றையும் தரையில் பரப்பி, ஒரு தாளில் தேதிகளை மட்டும் எழுதினேன்: ஓட்டல் மே 13 முதல் 21 வரை, இன்சூரன்ஸ் 13 முதல் 21 வரை, திரும்பும் விமானம் 22. அங்கேயே நின்றுவிட்டேன். விமானம் 21 ராத்திரி என்றே இத்தனை நாளும் பேசிக்கொண்டிருந்தோம், ஆனால் அது கிளம்புவது 00:35க்கு, அதாவது 22ஆம் தேதி. அந்த முப்பத்தைந்து நிமிஷத்துக்கு எங்களுக்கு இன்சூரன்ஸ் இல்லை! குறைந்தது 30,000 யூரோவுக்கு என்ற விதியைப் பார்த்துப் பார்த்து வாங்கிய நான் நாட்களை எண்ணவில்லை. நுழையும் நாள், வெளியேறும் நாள் இரண்டுமே கணக்கில் சேரும். ஒரு நாள் நீட்டி, புதுத் தாளை அச்செடுத்து, கவர் லெட்டரிலும் 22 என்று மாற்றிவிட்டுப் படுக்கும்போது மணி ஒன்று.

மார்ச் 17
ஆளுக்கு 90 யூரோ விசா கட்டணம், மனுவை வாங்கிக்கொள்ளும் மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் இது திரும்பி வராது. அக்காவிடம் பத்து விரல் ரேகையும் எடுத்தார்கள். நான் மூன்று வருடம் முன்பு கொடுத்தது இன்னும் செல்லும், 59 மாதம் வரை வைத்திருக்கிறார்கள். கவுன்டரில் இருந்தவர் இன்சூரன்ஸ் தாளில் தேதியின் மேல் பேனாவை வைத்து, டிக்கெட்டைப் பார்த்து, மறுபடி இதைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் அடுத்த தாளுக்குப் போனார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஏப்ரல் 1
பாஸ்போர்ட் விசாவோடு வந்துவிட்டது. உறையைக் கிழித்ததும் பெயர், எண், எத்தனை முறை நுழையலாம் என்று வரி வரியாகப் பார்த்தேன். எல்லாம் சரி. அக்கா மட்டும் "ஜூன் 6 வரை போட்டிருக்கான், இன்னும் ரெண்டு வாரம் இருந்துட்டு வரலாமே" என்று குதித்தாள். அது பயணத் தேதி தள்ளிப்போனால் சமாளிப்பதற்காக 15 நாள் கூட்டிக் கொடுத்தது. பக்கத்துக் கட்டத்தில் தங்கும் நாள் 10 என்று இருப்பதைக் காட்டினேன். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பெட்டி வாங்கப் போய்விட்டாள்.