உச்சிவெயிலில் நின்றுபோகும் சோலார்

மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டு மூன்றாவது வாரம். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குக் கரண்ட் போனது. பழைய யூபிஎஸ் பேட்டரி 11 மணிக்கே கையை விரித்துவிட்டது. "ஏப்பா, மாடி பூரா வெயிலைப் பிடிச்சு வச்சிட்டு நாம ஏன் இப்படி வேர்த்துக்கிட்டு உக்காந்திருக்கோம்?" என்றார் அம்மா.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எங்களுடையது மின்வாரிய லைனோடு சேர்ந்தே ஓடும் ஆன்கிரிட் இன்வெர்ட்டர்; லைனில் கரண்ட் இல்லையென்றால் தானும் நின்றுவிடும். நம் வீட்டுக் கரண்ட் வெளியே போனால் கம்பத்தில் வேலை செய்கிறவர் உயிருக்கு ஆபத்து. நியாயம்தான். ஆனால் போடும்போது இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

விண்ணப்பத்தில் சிரமம் இல்லை. வீட்டு மாடி சோலாருக்கான மத்திய அரசுத் திட்டமான பிஎம் சூர்யா கர் தளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிந்தேன். 10 கிலோவாட் வரை, லைன் தாங்குமா என்று பார்க்கும் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை என்று 2024இல் விதியை மாற்றிவிட்டார்கள். வாங்கும் கரண்ட், வெளியே அனுப்பும் கரண்ட் இரண்டையும் கணக்கிடும் இருவழி மீட்டர் வந்தது. 3 கிலோவாட்டுக்கான மானியம் 78,000 ரூபாயும் கணக்கில் ஏறியது. உள்நாட்டில் செய்த பேனல் போட்டால்தான் அது கிடைக்கும், பில்லில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தலைவலி அதற்குப் பிறகு. நல்ல வெயில் நாளில் 12 யூனிட் வர வேண்டியது 8, 9 என்று நின்றது. ஒருநாள் மதியம் மாடிக்குப் போய்ப் பார்த்தால் இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு, 'கிரிட் ஓவர் வோல்டேஜ்'. தன் முனையில் வோல்டேஜ் 253ஐத் தாண்டினால் இன்வெர்ட்டர் லைனிலிருந்து கழன்றுகொள்கிறது. சிறிது நேரத்தில் மீண்டும் சேரும், மீண்டும் கழலும். உச்சிவெயிலில்தான் இந்தக் கூத்து.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். மீட்டர் பெட்டியில் 250, அதே நேரம் இன்வெர்ட்டர் முனையில் 255. நடுவில் 25 மீட்டர் ஒயர், அதுவும் 2.5 ஸ்கொயர் எம்எம். தண்ணீரை மேட்டுக்குத் தள்ளுவது மாதிரி, மெல்லிய ஒயரில் கரண்டை வெளியே தள்ள இன்வெர்ட்டர் அத்தனை வோல்ட் கூடுதலாக ஏற்ற வேண்டியிருக்கிறது. சண்டை போட்டு 6 ஸ்கொயர் எம்எம் மாற்ற வைத்தேன். வித்தியாசம் 2 வோல்ட்டுக்கு இறங்கியது.

மீதிப் பாதிக் கோளாறு லைனில். பார்க்க வந்த லைன்மேன், "சார், இந்தத் தெருவுல மூணு சோலாரும் ஒரே பேஸ்ல நிக்குது. மத்தியானம் எல்லாரும் வெளிய தள்றீங்க, வாங்க ஆளில்ல" என்று சொல்லி எங்கள் இணைப்பை வேறு பேஸுக்கு, அதாவது தெருவில் ஓடும் மூன்று மின்கம்பிகளில் வேறொன்றுக்கு, மாற்றினார். அரை மணி நேர வேலை. அதோடு கழல்வது நின்றது.

கரண்ட் போகும் நேரத்துக்காக லித்தியம் பேட்டரி, அதோடு சேர்ந்து ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டர் என்று விலை கேட்டேன். மானியம் பேட்டரிக்குக் கிடையாது. எப்போதாவது மட்டும் கரண்ட் போகிற ஊரில் அத்தனை பணம் போட மனம் வரவில்லை. யூபிஎஸ்ஸுக்குப் புது டியூபுலர் பேட்டரி மட்டும் வாங்கினேன். பகலில் சோலாரிலேயே சார்ஜ் ஆகிவிடுகிறது.

மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டர் மூன்றும் இப்போது 11 மணிக்கு மேல்தான். விடிகாலையில் மாவாட்டியே பழகிய அம்மாவுக்கு இது இன்னும் பிடிக்கவில்லை.