எஸ்200 ஊக்கியின் எரிபரப்பை விரிதாளில் கணக்கிட்டது

இஸ்ரோவின் எல்விஎம்3 ஏவூர்தியின் இருபுறமும் நிற்கும் எஸ்200 திண்ம எரிபொருள் ஊக்கிகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 200 டன் உந்துபொருளைத் தாங்குபவை. ஒருமுறை பற்றவைத்துவிட்டால் அவற்றை அணைக்கவோ குறைக்கவோ வழியில்லை. எனவே எந்த நொடியில் எவ்வளவு உந்துவிசை என்பது, உந்துபொருளை உறைக்குள் வார்க்கும்போது நடுவில் விடப்படும் துளையின் வடிவத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. அதை நானே கணக்கிட்டுப் பார்க்க விரும்பினேன்.

ஊக்கியின் விட்டம் 3.2 மீட்டர். உறையின் தடிமனை விட்டுவிட்டு, துளையின் ஆரம் 0.5 மீட்டர், மூன்று துண்டுகளாகச் செய்யப்படும் ஊக்கியில் ஒரு துண்டின் நீளம் 8 மீட்டர் என்று நானாகவே வைத்துக்கொண்டேன். வெறும் உருளைத் துளையின் உட்சுவர் மட்டும் எரிந்தால், எரிபரப்பு, அதாவது அந்தந்த நொடியில் எரிந்துகொண்டிருக்கும் பரப்பு, முடிவில் 3.2 மடங்காகிறது. அழுத்தம் கூடினால் எரிவேகமும் கூடும் என்பதால், எரிவேகம் அழுத்தத்தின் எந்த அடுக்காகக் கூடுகிறது என்பதைக் காட்டும் அடுக்கெண்ணை 0.3 என்று கொண்டால், ஊக்கிக்குள் இருக்கும் அழுத்தம் ஐந்து மடங்கைத் தாண்டுகிறது; எந்த உறையையும் அப்படி வடிவமைக்க ஒருவரும் துணியமாட்டார்கள்.

துண்டின் இரு முனைகளையும் எரியவிட்டதும் நிலைமை மாறியது. துளை அகல அகல நீளம் 8 மீட்டரிலிருந்து 5.8 ஆகச் சுருங்குவதால், எரிபரப்பு 39.6 சதுர மீட்டரில் தொடங்கி 58.3-இல் முடிகிறது, அதாவது ஒன்றரை மடங்குக்கும் சற்றுக் குறைவு. ஊக்கியைத் துண்டுகளாகச் செய்வது வார்ப்பதற்கும் கொண்டுசெல்வதற்கும் மட்டும் வசதி என்று எண்ணியிருந்த எனக்கு இந்த எண்கள் பெரும் மகிழ்ச்சியைத் தந்தன.

அடுத்து விண்மீன் வடிவத் துளையை வரைபடத்தாளில் வரைந்து, சுவரிலிருந்து சம தூரத்தில் கோடு மேல் கோடாக வெளிநோக்கி நகர்த்தினேன். துளையின் முனைகள் ஒவ்வொரு கோட்டிலும் வளைந்துகொண்டே போக, அவற்றுக்கிடையே உள்நோக்கி நீண்ட உந்துபொருளின் நுனிகள் மட்டும் கூர்மை குறையாமல் தேய்ந்து மறைந்தன. தொடக்கத்தில் பெரிய எரிபரப்பு, நுனிகள் தீர்ந்ததும் சரிவு. அமெரிக்க விண்வெளி ஓடத்தின் ஊக்கிகளில் முன்துண்டுக்கு 11 முனை விண்மீன் துளை அமைத்ததும் இதற்காகவே: புறப்பட்ட சுமார் 50 நொடிகளில் உந்துவிசை மூன்றில் ஒரு பங்கு குறைந்து, வேகத்தால் எதிர்க்காற்று தரும் அழுத்தம் உச்சமடையும் கட்டத்தில் ஓடம் அதிகச் சுமைக்கு உள்ளாகாமல் காத்தது.

எரிவேகத்தையும் சரிபார்த்தேன். துளைக்கும் உறைக்கும் இடையிலுள்ள 1.1 மீட்டர் உந்துபொருள் 130 நொடிகளில் தீர வேண்டுமானால் நொடிக்கு 8.5 மில்லிமீட்டர் எரிய வேண்டும். 2010 ஜனவரி 24 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தரையில் பொருத்தியபடியே எரித்துப் பார்த்த முதல் சோதனையில் எஸ்200 எரிந்த நேரமும் அந்த 130 நொடிகள்தான். இனி, மூன்று துண்டுகளையும் ஒரே விரிதாளில் கூட்டி, நாசிலின் (வாயு வெளியேறும் கூம்புக்குழாயின்) குறுகிய தொண்டை அரித்து அகலுவதையும் சேர்க்க இருக்கிறேன்.