ஹெவி கிட்டாரை வீட்டில் பதிவு செய்தல்: கனம் எங்கிருந்து வருகிறது

பெங்களூரில் மெட்டல் கேட்டு வளர்ந்தவர்களின் பேச்சில், 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டனும் 2011 அக்டோபரில் மெட்டாலிக்காவும் பேலஸ் கிரவுண்ட்ஸில் வாசித்தது எப்படியும் ஒருமுறை வந்துவிடும். அப்போது நெஞ்சில் வந்து மோதிய கிட்டாரை அப்படியே லேப்டாப்பில் பிடித்துவிட வேண்டும் என்ற ஆசைதான் பெரும்பாலான வீட்டுப் பதிவுகளைக் கெடுக்கிறது என்பேன். சத்தம் குறையக் குறைய நம் காது நடு அதிர்வெண்களைவிட பேஸையும் (தாழ்ந்த ஒலிகளையும்) உச்சத்து ஒலிகளையும் அதிகமாக இழக்கிறது. ஒலியியல் ஆய்வாளர்களான ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வெளியிட்டுவிட்டார்கள். அல்சூரில் சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில், இரவில், அக்கம்பக்கத்துக்கு அஞ்சி மெல்லிய சத்தத்தில் ஆம்பை (கிட்டாரின் ஒலிபெருக்கியை) திருகுகிறவர், இழந்ததை ஈடுகட்ட பேஸையும் டிரெபிளையும் ஏற்றி மிட்டை (நடு அதிர்வெண்களை) இறக்கிவிடுகிறார். தனியாகக் கேட்கும்போது அது பிரமாதமாக இருக்கும். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்த மறுகணமே கிட்டார் காணாமல் போய்விடும், ஏனென்றால் கலவையில் கிட்டாருக்கென்று இருக்கும் இடமே அவர் இறக்கிவிட்ட அந்த மிட்தான்.

அடுத்தது கெயின், அதாவது ஆம்புக்குள் சிக்னலைப் பெருக்கும் அளவு. டிஸ்டார்ஷன் என்பது அலையின் உச்சிகளை வெட்டித் தட்டையாக்குவது. எவ்வளவு வெட்டுகிறோமோ அவ்வளவுக்கு மெல்லிய தட்டலுக்கும் ஓங்கிய அடிக்கும் இடையிலான வேறுபாடு குறைகிறது. பிக் கம்பியைத் தொடும் அந்தக் கூர்மையான தொடக்கம்தான் காதுக்குக் கனமாகப் படுகிறது என்பதால், கெயினை ஏற்றும்போது எதைத் தேடுகிறோமோ அதையே இழக்கிறோம். தனியாக வாசித்து மகிழ்வதற்கு வைத்திருக்கும் அளவிலிருந்து மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டுப் பதிவு செய்யலாம். முதலில் வறட்சியாகத்தான் தோன்றும். இரண்டு டிராக்குகளின் அழுக்கும் ஒன்றுசேரும்போது அந்த வறட்சி தெரியாது.

இரண்டு டிராக் என்றால் இரண்டு தனித்தனி வாசிப்புகள். ஒன்றை முழுவதும் இடப்பக்கம், மற்றொன்றை முழுவதும் வலப்பக்கம் வைக்கும்போது, அவற்றுக்கிடையே நேரத்திலும் சுருதியிலும் அழுத்தத்திலும் உள்ள மிகச்சிறிய வேறுபாடுகளே அகலத்தைத் தருகின்றன. ஒரே வாசிப்பை நகலெடுத்து இருபுறமும் ஒட்டினால் நடுவில் நிற்கும் ஒற்றைக் கிட்டார்தான் மிஞ்சும், சற்று உரக்க, அவ்வளவே. நகலைச் சில மில்லி விநாடிகள் தள்ளிவைக்கும் வித்தை ஹெட்போனில் அகலமாகக் கேட்டாலும், மோனோவில் கேட்கும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு குழாய்க்குள் பேசுவதுபோல் ஆகிவிடும். மறுபடி உட்கார்ந்து வாசிப்பதற்கு மாற்று இல்லை.

அப்படி வாசிக்கும்போது நேரத்தை எங்கே பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மிகத் தடித்த ஆறாவது கம்பியில் எட்டு பாம் மியூட் அடிகளும் (உள்ளங்கையால் கம்பியை அமுக்கி அடிப்பவை) முடிவில் ஒரு பவர் கார்டும் (இரண்டு சுரங்களின் கூட்டு) வரும் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் துணுக்கு) ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு டிராக்குகளின் அலைவடிவத்தையும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தால், பவர் கார்டுகள் பெரும்பாலும் ஒத்து நிற்கும். சறுக்கியிருப்பது அதற்கு முந்தைய அடிதான். அடுத்த கார்டுக்காக இடக்கை நகரத் தொடங்கும்போது வலது உள்ளங்கையும் பாலத்திலிருந்து (கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜிலிருந்து) சற்றே எழும்பிவிடுவதால் அந்த அடி முந்திவிடும், மியூட்டும் திறந்துவிடும். அந்த ஒரு பாரை மட்டும் மறுபடி வாசித்து ஒட்டுங்கள். எந்தப் பிளக்-இன்னும் தராத இறுக்கம் இதில் கிடைக்கும்.

கம்பியும் இதில் சேர்த்திதான். ஸ்டாண்டர்ட் டியூனிங்கில் ஆறாவது கம்பி 82.4 ஹெர்ட்ஸ், டிராப் சி எனும் தாழ்ந்த டியூனிங்குக்கு இறக்கினால் 65.4. பத்து முதல் நாற்பத்தாறு வரையிலான (கம்பியின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) சாதாரண செட்டை அவ்வளவு தாழ்த்தினால் கம்பி தளர்ந்து, ஓங்கி அடிக்கும் ஒவ்வொரு முறையும் சுருதி ஒரு கணம் மேலேறி இறங்கும். இரண்டு டிராக்கிலும் இது நடந்தால் கார்டு கலங்கித்தான் கேட்கும். தடித்த செட்டுக்கு மாறுங்கள். டியூன் செய்யும்போதும் வாசிக்கப்போகும் அதே வேகத்தில் அடித்துப் பாருங்கள்.

ஆம்புக்கு முன்னால் டியூப் ஸ்கிரீமர் வகை பெடல் ஒன்றை, டிரைவை அறவே குறைத்து, லெவலை ஏற்றி வைக்கும் பழக்கத்தைப் பலர் சடங்காகப் பின்பற்றுகிறார்கள். அதன் காரணம் தெரிந்தால் பெடல் இல்லாமலும் அந்தப் பயனைப் பெறலாம். அந்தப் பெடலின் சுற்று சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே டிஸ்டார்ஷனைப் படிப்படியாகக் குறைத்து நடுப்பகுதியை முன்னுக்குத் தள்ளுகிறது. தாழ்ந்த அதிர்வெண்கள் ஆம்பின் கெயினுக்குள் அளவுக்கு மீறி நுழைந்தால் அவையே மற்ற எல்லாவற்றையும் கலக்கிவிடும். அவ்வாறு கலங்கிய ஒலியை அதற்குப் பிறகு ஈக்யூவால் (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் கருவியால்) தெளிய வைக்க முடியாது. ஆகவே பேஸை டிஸ்டார்ஷனுக்கு முன்பே குறைத்து, தேவையானதை அதற்குப் பின் கூட்டிக்கொள்வதே முறை. ஆம்பைப் போல ஒலிக்கும் மென்பொருளான ஆம்ப் சிமுலேட்டருக்கு முன்னால், தாழ்ந்த ஒலிகளை வெட்டும் சாதாரண ஹை-பாஸ் ஃபில்டர் ஒன்றைப் போட்டாலே இதில் பெரும்பகுதி கைகூடும். கிட்டாரை லேப்டாப்போடு இணைக்கும் இன்டர்ஃபேஸில் இன்ஸ்ட்ருமென்ட் என்று குறித்த உள்ளீட்டைப் பயன்படுத்துங்கள். உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நின்றால் போதும். ஆம்ப் சேராத உலர்ந்த சிக்னலையும் மறக்காமல் சேமித்துவையுங்கள்.

ஆம்பைவிட அதிகமாக ஒலியைத் தீர்மானிப்பது கேபினட், அதாவது ஸ்பீக்கர் பெட்டி. கிட்டார் ஸ்பீக்கர்கள் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக மங்கிவிடும். அந்த வடிகட்டல் இல்லாத டிஸ்டார்ஷன் தகர டப்பாவில் அடைபட்ட குளவிதான். வீட்டில் அந்த வேலையை, ஸ்பீக்கரும் மைக்கும் ஒலியை மாற்றும் விதத்தைப் பதிந்துவைத்த இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் கோப்புகள் செய்கின்றன. செலஸ்டியன் விண்டேஜ் 30 ஸ்பீக்கர், அதன்முன் 1965 முதல் சந்தையில் இருக்கும் ஷூர் எஸ்எம்57 மைக் என்ற ஜோடியில் எடுத்தவை இலவசமாகவே ஏராளம் கிடைக்கின்றன. ஆம்புக்கு, திறந்த மூல மென்பொருளான நியூரல் ஆம்ப் மாடலர் இருக்கிறது. பணம் கொடுத்து வாங்கும் எதற்கும் அது குறைந்ததாக எனக்குப் படவில்லை. மைக் ஸ்பீக்கரின் நடு மூடிக்கு நேராக இருந்தால் ஒலி காரமாகவும், ஓரத்தை நோக்கி நகர்ந்தால் மந்தமாகவும் இருக்கும். கோப்பின் பெயரில் இந்த இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இறக்கி வைத்துக்கொண்டு இரவெல்லாம் மாற்றி மாற்றிக் கேட்பது வாசிக்காமல் இருப்பதற்கான சாக்கு. ஒப்பிடும்போது இரண்டின் சத்தத்தையும் சமன் செய்துவிடுங்கள், இல்லையேல் உரத்ததே வெல்லும்.

நம் ஊர்ப் பழைய கட்டடங்களில் இன்னொரு தொல்லை, எர்த் சரியில்லாததால் எழும் இரைச்சல். மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் கெயின் ஏறிய டிராக்கில் தெளிவாகக் கேட்கும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், மானிட்டருக்குப் பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள், அப்படியும் போகாவிட்டால் எலக்ட்ரீஷியனை வரவழையுங்கள். எர்த் பின்னைப் பிடுங்கி இரைச்சலை அடக்கும் கைவைத்தியம் உயிருக்கு ஆபத்து. யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

கடைசியாக மிக்ஸ். கிட்டாரை 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழும், 8,000 முதல் 10,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டிவிடுங்கள். கீழ்த்தளம் பேஸ் கிட்டாருக்குச் சொந்தம், எங்கள் குழுவில் பேஸ் வாசிக்கும் ஆஸ்டின் டவுன் நண்பர், நான் ஆம்பின் பேஸ் குமிழில் கைவைத்தாலே "மச்சா, அப்ப நான் எதுக்குடா?" என்பார். அவருடைய டிராக்கிலும் கொஞ்சம் டிஸ்டார்ஷன் சேர்த்து, கிட்டாரின் அடிகளோடு அதைப் பிசகாமல் பொருத்திவிட்டால், கேட்பவர் அந்தக் கனம் முழுவதையும் கிட்டாரின் கணக்கிலேயே எழுதுவார். பேஸ் கிட்டாரை மியூட் செய்து கேட்கும்போது கிட்டார் சற்று மெலிந்து ஒலித்தால் அளவு சரியாக இருக்கிறது. அங்கே போய் மறுபடி கிட்டாரின் பேஸை ஏற்ற வேண்டாம்.