தண்ணீரில் ஓடுபாதை தேடுவது: சீப்ளேன் ரேட்டிங் வாங்கிய அனுபவம்

தரையிலிருந்து பறக்கும் விமானத்துக்கான பைலட் உரிமம் கையில் இருந்தால், அமெரிக்காவில் சீப்ளேன் ரேட்டிங், அதாவது தண்ணீரிலிருந்து கிளம்பித் தண்ணீரிலேயே இறங்கும் விமானத்தை ஓட்டும் தகுதி, வாங்குவதற்கான விதிகள் மிகச் சுருக்கம். எழுத்துத் தேர்வு கிடையாது. இத்தனை மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்ற கணக்கும் கிடையாது. நீங்கள் தயார் என்று பயிற்சியாளர் லாக்புக்கில் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் ஒரு தேர்வாளரிடம் வாய்மொழித் தேர்வும், பறந்து காட்டும் தேர்வும். பல பள்ளிகள் இதை ஒரு வார இறுதியிலேயே முடித்துக் கொடுக்கின்றன. ஆனால் உரிமம் வாங்கிய பிறகு நான் எடுத்த எந்தப் பயிற்சியும் இந்த அளவுக்கு என்னை யோசிக்க வைத்ததில்லை. இதை எடுக்கலாமா என்று தயங்குகிற தமிழ் பைலட்டுகள் சிலராவது இருப்பார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் போனது ஃப்ளோரிடாவின் நடுவில் இருக்கும் வின்டர் ஹேவன். ஊரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் ஏரிகள். பலவற்றைக் கால்வாய் வெட்டி ஒன்றோடொன்று இணைத்திருக்கிறார்கள். பள்ளி ஜெஸ்ஸி ஏரிக்கரையில் இருக்கிறது. விமானம், மிதவைகள் மாட்டிய பைப்பர் ஜே-3 கப். 1930-களின் வடிவமைப்பு. 65 குதிரைத்திறன் எஞ்சின், முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை, துணி போர்த்திய இறக்கை. ஸ்டார்ட்டர் இல்லை. மிதவை மேல் நின்றுகொண்டு ப்ரொப்பெல்லரைக் கையால் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். கிளம்பிய அந்த நொடியே விமானம் நகரத் தொடங்கிவிடும். தண்ணீரில் பிரேக் இல்லை.

இந்த 'பிரேக் இல்லை' என்பதை வாசித்துப் புரிந்துகொள்வது வேறு, உடம்பில் ஏறுவது வேறு. தரையில் எஞ்சினைக் கிளப்பி, நின்ற இடத்திலேயே ரேடியோ, கருவிகள், செக்லிஸ்ட் என்று நிதானமாகப் பார்த்துப் பழகியவர்கள் நாம். ஏரியில் மேக்னட்டோ (எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் கருவி) சோதனைகூட நகர்ந்துகொண்டேதான். எங்கே போகிறோம், காற்று எந்தப் பக்கம், முன்னால் படகு உண்டா என்பதையெல்லாம் கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

பறக்கும் முன் செய்யும் சோதனையும் கொஞ்சம் வித்தியாசம். ஒவ்வொரு மிதவையும் உள்ளே தனித்தனி அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். ஒன்றில் ஓட்டை விழுந்தாலும் மற்றவை தாங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காக. விமானத்தின் அதிகபட்ச எடையைத் தாங்கத் தேவையானதைவிட 80 சதவீதம் கூடுதல் மிதக்கும் திறன் மிதவைகளுக்கு இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. எல்லா மிதவையிலும் கொஞ்சம் தண்ணீர் கசியத்தான் செய்யும். அதனால் தினமும் கைப்பம்பு வைத்து ஒவ்வொரு அறையிலிருந்தும் தண்ணீரை இறைக்கிறோம். எந்த அறையில் வழக்கத்தைவிட அதிகம் வருகிறது என்பதைக் கவனிப்பதுதான் இதில் முக்கியம். அங்கே ஒரு தையல் விட்டிருக்கலாம், ஆணி தளர்ந்திருக்கலாம். இந்த வேலையை அவசரப்படாமல் செய்யுங்கள். உள்ளே தேங்கிய தண்ணீர் முழுக்க எடை. 65 குதிரைத்திறன் விமானத்துக்கு அது சின்ன விஷயம் இல்லை.

தண்ணீரில் ஓட்டுவதில் மூன்று வேகங்கள் உண்டு. முதலாவது, எஞ்சின் மெதுவாக ஓட, மிதவையின் பின்னால் இருக்கும் தண்ணீர்ச் சுக்கான்களால் திருப்பிக்கொண்டு படகு போலப் போவது. இரண்டாவது, பவர் கூட்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழுதுகொண்டு போவது. முன்னால் ஒன்றும் தெரியாது, எஞ்சின் சூடாகும், தெறிக்கும் நீர் ப்ரொப்பெல்லரை அரிக்கும். பலத்த காற்றில் விமானம் காற்றை நோக்கியே மூக்கைத் திருப்பிக்கொள்ளும். அதை மறுபக்கம் திருப்ப வேறு வழி இல்லாதபோது மட்டும் இதைப் பயன்படுத்துகிறோம். மூன்றாவது, மிதவையின் அடியில் நடுப்பக்கம் இருக்கும் 'ஸ்டெப்' என்ற படியின் மேல் ஏறி வழுக்கிக்கொண்டு போவது.

டேக்-ஆஃபில் இந்த ஸ்டெப்பைப் பிடிப்பதுதான் கலை. சுக்கான்களை மேலே தூக்கி, ஸ்டிக்கை (கட்டுப்பாட்டுக் கோலை) முழுக்க வயிற்றோடு இழுத்து, த்ராட்டிலை முழுதாகத் திறக்கிறோம். மூக்கு எழும்பி அடிவானத்தை மறைக்கும். அது மேலும் எழாமல் நின்றதும் ஸ்டிக்கைத் தளர்த்தினால், விமானம் முன்னால் சாய்ந்து தண்ணீர்மேல் ஏறிக்கொள்ளும். திடீரென்று வேகம் பிறக்கும். அங்கே மூக்கு இருக்க வேண்டிய இடம் மிகக் குறுகியது. கொஞ்சம் தாழ்ந்தால் தண்ணீரின் இழுவை கூடி, விமானம் மூக்கை ஆட்டிக் குதிக்கத் தொடங்கும். ஒவ்வொரு குதிப்பும் முந்தியதைவிடப் பெரிதாகும். உயர்ந்தால் மிதவையின் குதிகால் தண்ணீரில் உரசி வேகத்தைத் தின்னும். சரியான இடத்தில் வைத்தால் மிதவைகள் கிசுகிசுப்பது போல ஒரு சத்தம் வரும். என் பயிற்சியாளர் கருவிகளைப் பார்க்கவே விடவில்லை. அந்தச் சத்தத்தையும் இருக்கையில் உணரும் உரசலையும் கவனிக்கச் சொன்னார். குதிப்பு தொடங்கினால் ஸ்டிக்கைப் பின்னால் இழு, அடங்கவில்லை என்றால் பவரை மூடு. இதை யோசிக்காமல் கை செய்யும் வரை விடவில்லை.

ஸ்டெப்பில் போகும்போதே திரும்பவும் கற்றுக்கொடுப்பார்கள். சிறிய ஏரியில் டேக்-ஆஃப் செய்ய அது தேவைப்படும். காற்றை எதிர்த்துப் போய்க்கொண்டிருக்கும்போது திரும்பினால், விமானத்தை வெளிப்பக்கம் தள்ளும் மையவிலக்கு விசையும் காற்றின் தள்ளலும் எதிரெதிராக இருந்து ஒன்றையொன்று குறைக்கும். காற்று முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது காற்றை நோக்கித் திரும்பினால் இரண்டும் ஒரே பக்கம் தள்ளும். வெளிப்பக்க மிதவை அமிழ்ந்து கவிழ்ந்துவிட வாய்ப்பு அதிகம். இதை வாய்மொழித் தேர்விலும் கண்டிப்பாகக் கேட்பார்கள். மனப்பாடம் செய்வதைவிட ஒரு தாளில் அம்பு போட்டு வரைந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி எனக்கு மிக முக்கியமாகப் பட்டதைச் சொல்கிறேன். விமான நிலையத்தில் ஓடுபாதையை வேறு யாரோ ஏற்கனவே முடிவு செய்து, நீளம் அளந்து, எண் எழுதி, காற்றுப்பையும் கட்டி வைத்திருக்கிறார்கள். ஏரியில் ஒவ்வொரு முறையும் அதை நீங்கள்தான் உருவாக்க வேண்டும். காற்று எங்கிருந்து என்பதைத் தண்ணீரே சொல்லும். காற்று புறப்படும் கரையோரம் மரங்களின் மறைவில் ஒரு பட்டைத் தண்ணீர் அலையில்லாமல் பளபளக்கும். பலமான காற்றில் நீர்மேல் கோடுகள் காற்றின் திசையிலேயே ஓடும். நங்கூரமிட்ட படகு மூக்கைக் காற்றுக்குக் காட்டி நிற்கும். வாத்து இறங்குவதைப் பாருங்கள். அதுவும் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். அப்புறம் மின்கம்பி, நீரில் மூழ்கிய மரம், மீன்பிடிப் படகு, ஜெட் ஸ்கீ. ஃப்ளோரிடா என்பதால் முதலைகளும் உண்டு. இறங்குவதற்கு முன் மேலே ஒரு வட்டம் அடித்து இத்தனையையும் பார்த்தாக வேண்டும். அதைவிட, இறங்கிய பிறகு இங்கிருந்து மறுபடி கிளம்ப முடியுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சீப்ளேன் கிளம்ப எடுக்கும் தூரம் இறங்க எடுப்பதைவிட அதிகம். வெயிலும் காற்றில்லாத நேரமும் சேர்ந்தால் இன்னும் நீளும்.

அடுத்து, கண்ணாடித் தண்ணீர். காலை நேரத்தில் காற்றே இல்லாமல் ஏரி ஆடாமல் கிடக்கும். பார்க்க அவ்வளவு அழகு. சீப்ளேன் ஓட்டுகிறவர் அதிகம் அஞ்சவேண்டியதும் அதுதான். மேற்பரப்பே தெரியாது. மேகமும் மரமும் தலைகீழாகத் தெரியும். ஐந்து அடி உயரத்தில் இருக்கிறோமா ஐம்பது அடியிலா என்று கண்ணால் சொல்ல முடியாது. அனுபவசாலிகளும் மேலேயே ஃப்ளேர் செய்து (இறங்கும் கடைசி நொடியில் மூக்கைத் தூக்குவது) விழுந்திருக்கிறார்கள், அல்லது ஃப்ளேரே செய்யாமல் மோதியிருக்கிறார்கள். அதனால் இதற்கென்று தனி முறை. கரையை ஒட்டி வந்து, அதன் புல்லையும் மரத்தையும் வைத்து உயரத்தை மதிப்பிட்டு, தாழ்வாக இருக்கும்போதே மூக்கை இறங்கும் நிலைக்குத் தூக்கி, நிமிடத்துக்கு 150 அடி அளவில் இறங்கும்படி பவரை வைத்துவிட வேண்டும். அதன் பிறகு எதையும் தொடக்கூடாது, காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு நீண்டுகொண்டே போகும். கீழே பார்த்து 'இப்போது தொடும்' என்று ஊகிக்கக் கண் துடிக்கும். பார்வையைத் தொலைவில் வைத்து, மூக்கின் நிலையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால், தொட்டதே தெரியாமல் தொடும். முடிந்தவரை இதை உண்மையான கண்ணாடித் தண்ணீரில் செய்து பாருங்கள். அலையடிக்கும் பகலில் 'கண்ணாடி என்று வைத்துக்கொள்வோம்' என்று பாவனையாகச் செய்வதில் இந்தப் பயம் வராது. அதற்காகவே விடியற்காலை வகுப்பு கேட்டு வாங்கினேன்.

எஞ்சினை அணைத்துவிட்டுப் பாய்மரம் போல விமானத்தைப் பின்னோக்கிச் செலுத்துவதும் பாடத்தில் உண்டு. வால் எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம் போகும். தண்ணீர்ச் சுக்கான்களைத் தூக்கிவிட்டு, ஸ்டிக் ஒரு பக்கம், ரடர் (வால் சுக்கான்) எதிர்ப்பக்கம். எனக்கு மிகவும் பிடித்துப் போன பகுதி இது. காற்றோடு சண்டை போடாமல் அதையே வேலை வாங்குவது அலாதியான சந்தோஷம்.

ஒரு நாள் மதியம் கரையில் உட்கார்ந்திருந்தபோது நம்ம ஊர் ஏரிகளை நினைத்துக்கொண்டேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செங்குன்றம் ஏரியிலிருந்து பிரிட்டிஷ் விமானப்படையின் கேட்டலீனா பறக்கும் படகுகள் வங்கக் கடலுக்குமேல் ரோந்து போயின. இலங்கையில் கொக்கல ஏரியிலிருந்து கிளம்பிய ஒரு கேட்டலீனாதான் 1942 ஏப்ரல் 4 அன்று இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டு தகவல் அனுப்பியது. அந்தப் பைலட்டுகளும் இதே போலத் தண்ணீரைப் படித்துத்தான் கிளம்பியிருப்பார்கள்.

செக்ரைடு, அதாவது தேர்வாளரிடம் கொடுக்கும் அந்தத் தேர்வு, அமைதியாகவே நடந்தது. வாய்மொழியில் தண்ணீரில் யாருக்கு வழிவிட வேண்டும் என்ற விதிகள், கசிவு, காற்று, ஸ்டெப் திருப்பம். பறந்து காட்டும்போது, பயிற்சியில் பார்க்காத ஒரு ஏரியைக் காட்டி, எங்கே எந்தத் திசையில் இறங்குவீர்கள், ஏன் என்று தேர்வாளர் கேட்டார். பதிலை நான் சொல்லி முடிக்கும் வரை குறுக்கிடவே இல்லை. ரேட்டிங் தேர்வில் தேறினால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய ஃப்ளைட் ரிவ்யூவும் முடிந்ததாகக் கணக்கு. அந்தக் கெடு நெருங்கும் நேரத்தில் போவது லாபம்.

போகுமுன் சில விஷயங்கள் தெரிந்திருக்கட்டும். காப்பீட்டுச் சிக்கலால் பெரும்பாலான இடங்களில் சீப்ளேனைத் தனியாக ஓட்ட வாடகைக்குத் தர மாட்டார்கள். பயணிகளை ஏற்ற வேண்டுமானால் 90 நாட்களுக்குள் மூன்று டேக்-ஆஃபும் மூன்று லேண்டிங்கும் தண்ணீரிலேயே செய்திருக்க வேண்டும். தரையில் செய்தது இதற்குச் சேராது. சக்கரமும் மிதவையும் சேர்ந்த ஆம்ஃபிபியனுக்குப் பின்னாளில் மாறினால், தண்ணீரில் இறங்குமுன் சக்கரங்கள் மேலே இருக்கின்றன என்று வாய்விட்டுச் சொல்லிக் கண்ணால் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். சக்கரம் கீழே இருக்கத் தண்ணீரைத் தொட்டால் விமானம் குப்புறக் கவிழும்.

அதனால் ரேட்டிங் வாங்கிய கையோடு, கவிழ்ந்த விமானத்திலிருந்து நீருக்கடியில் வெளியேறும் பயிற்சிக்கும் பெயர் கொடுத்தேன். நீச்சல் குளத்தில், ஒரு கூண்டில் பெல்ட் மாட்டி உட்கார வைத்துத் தலைகீழாகப் புரட்டுவார்கள். ஒரு கை கதவுச் சட்டத்தை விடக்கூடாது, பெல்ட்டைக் கடைசியில்தான் அவிழ்க்க வேண்டும், லைஃப் ஜாக்கெட்டை வெளியே வந்த பிறகுதான் ஊத வேண்டும். உள்ளேயே ஊதிவிட்டால் அது மேல்நோக்கித் தள்ளி அழுத்தி வெளியேற விடாது. சீப்ளேன் பயிற்சிக்குப் பணம் சேர்க்கிறவர்கள் இதற்கும் சேர்த்தே எடுத்து வையுங்கள்.